சாக மறுக்கும் கலங்கள்: வாய்ப்புற்றுநோயில் நடப்பது என்ன?

இலங்கையில் ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயாகும். வெற்றிலையோடு மெல்லும் பாக்கும் புகையிலையும், புகைத்தலும், மதுவும் இதன் முக்கிய காரணங்கள். புகையிலை சேர்க்காவிட்டால் ஆபத்தில்லை என்று நம்புவோர் எம்மிடையே பலர். ஆனால் பாக்கு மட்டுமே மனிதரில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் உறுதிப்படுத்தியது.

எமது உடலில் நாள்தோறும் கோடிக்கணக்கான கலங்கள் ஒழுங்கான முறையில் இறக்கின்றன. கருவிலுள்ள குழந்தையின் விரல்கள் தனித்தனியாகப் பிரிவதும், இடையிலுள்ள கலங்கள் இவ்வாறு இறப்பதால்தான். இந்தத் திட்டமிட்ட கல இறப்புக்கு 1972இல் ஆய்வாளர்கள் 'அப்பொப்டோசிஸ்' எனப் பெயரிட்டனர்.

பாக்கிலும் புகையிலையிலும் உள்ள நச்சுப் பொருட்கள் வாயின் உட்தோல் கலங்களின் டி.என்.ஏ.யைச் சிதைக்கின்றன. அப்போது பி53 என்ற புரதம் விழித்துக்கொள்கிறது. அது கலம் பிரிவதை நிறுத்தி, பழுதைத் திருத்த அவகாசம் கொடுக்கிறது. திருத்த முடியாவிட்டால் கலம் இறக்க வழி செய்கிறது. கலத்தின் சக்தி நிலையமான இழைமணியின் வெளிச்சுவர் துளைபடுகிறது. அதிலிருந்து கசியும் சைற்றோகுரோம் சி என்ற புரதம் கஸ்பேஸ் நொதியங்களைத் தூண்டுகிறது. அவை கலத்தை உள்ளிருந்தே துண்டாடுகின்றன.

புற்றுநோய்க் கலம் இந்தப் பாதையைப் பல இடங்களில் அடைத்துவிடுகிறது. பெரும்பாலான வாய்ப்புற்றுநோய்களில் பி53இன் மரபணுவே பழுதடைந்திருக்கிறது. காவலாளி இல்லாத வீடு போல, சிதைந்த கலமும் தடையின்றிப் பெருகுகிறது. பிசிஎல்-2 குடும்பத்துப் புரதங்கள் சில அளவுக்கு மிஞ்சிச் சுரந்து, இழைமணியின் சுவர் துளைபடாமல் காக்கின்றன. சேர்வைவின் போன்ற வேறு புரதங்கள் கஸ்பேஸ்களின் வேலையைத் தடுக்கின்றன.

இதன் விளைவு சிகிச்சையிலும் தெரிகிறது. கதிர்வீச்சும் பல புற்றுநோய் மருந்துகளும் கலத்தின் டி.என்.ஏ.யைச் சிதைத்து, அதனை இறக்கத் தூண்டியே வேலை செய்கின்றன. இறக்கும் வழியை அடைத்துக்கொண்ட கலத்தில் அவற்றின் பலன் குறைகிறது. நோய் முற்ற முற்ற இத்தகைய கலங்கள் பெருகுகின்றன. கட்டி சிறிதாக இருக்கும்போதே வெட்டி அகற்றினால் குணமடையும் வாய்ப்பு மிக அதிகம்.

இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத வாய்ப்புண், துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புப் படலம், வாயைத் திறப்பதில் இறுக்கம், காரணமின்றி ஆடும் பல், கழுத்தில் கட்டி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். ஆரம்பத்தில் வலி இருக்காது. வலிக்கவில்லை என்பதற்காகக் காத்திருக்க வேண்டாம். வடக்கில் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலேயே புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது. வெற்றிலைத் தட்டம் எங்கள் வீடுகளில் மரியாதையின் அடையாளம்தான். ஆனால் வாய்க்குள் போகும் பாக்கை இன்றே நிறுத்துவது, உங்களை நம்பியிருக்கும் குடும்பத்துக்குச் செய்யும் பெரிய மரியாதை.