இரத்தத்தில் சுற்றும் காவல்காரன்!

திருடனைப் பிடிக்க ஊரில் காவல்காரர் உண்டு. நம் இரத்தத்திலும் காவல்காரர் உண்டு! வெள்ளை அணுக்களில் ஒரு வகையான "டி" அணுக்களே அவை.

"டி" அணு மற்ற உயிரணுக்களைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும். கிருமி புகுந்த அடையாளம் தெரிந்தால், அந்த உயிரணுவைக் கொன்றுவிடும்.

ஆள் தெரியாமல் அடித்தால்?

ஆபத்துதான்! இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களை "டி" அணுக்களே அழித்துவிடுவதும் உண்டு. அதனால் சில குழந்தைகளுக்கு நீரிழிவு நோய் வருகிறது. அவர்களுக்குத் தினமும் இன்சுலின் செலுத்த வேண்டும்.

நண்பனையும் பகைவனையும் "டி" அணு எப்படிப் பிரித்து அறிகிறது? மூலக்கூறுகளைத் தனித்தனியாகப் பார்த்தால்தான் அது தெரியும். பழைய மைக்ராஸ்கோப்பில் அவை ஒன்றோடு ஒன்று கலந்து மங்கலாகத் தெரிந்தன.

வீட்டுக் கூடத்தில் பிறந்த கருவி

அமெரிக்க விஞ்ஞானி எரிக் பெட்சிக், நண்பர் ஹரால்ட் ஹெஸ்ஸின் வீட்டுக் கூடத்திலேயே ஒரு புது மைக்ராஸ்கோப்பை உருவாக்கினார். 2006-ல் அதன் விவரம் வெளிவந்தது.

தூரத்து ஊரில் எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தால் ஒரே வெளிச்சமாகத் தெரியும். ஒவ்வொன்றாக மின்னினால்? வீடுகளை எண்ணிவிடலாம்! மூலக்கூறுகளையும் அப்படி மின்னச் செய்து, இடத்தைக் குறித்து, ஒரே படமாகச் சேர்த்தார்கள். 2014-ல் பெட்சிக்குக்கும், ஸ்டெஃபான் ஹெல், வில்லியம் மோர்னர் ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மூலக்கூறுகளைத் தனித்தனியே பார்த்ததில் என்ன தெரிந்தது? பகைவனின் அடையாளத்தை "டி" அணு சில விநாடி விடாமல் பிடித்துக்கொள்கிறது. மற்றவற்றைச் சட்டென்று விட்டுவிடுகிறது. அதை எழுப்ப, விரல்விட்டு எண்ணக்கூடிய மூலக்கூறுகளே போதும்!

இந்தப் பிடியின் இரகசியம் முழுவதும் புரிந்தால், தவறாக அடிக்கும் காவல்காரனைத் தடுக்கும் மருந்துக்கு அது வழிகாட்டும்.