முன்பல்லில் ஒரு வெட்டு

ஆறேழு வயதில் பால்பல் விழுந்த இடத்தில் புதிய முன்பற்கள் இரண்டு எட்டிப் பார்க்கும். அகன்ற நுனியோடு வரவேண்டிய அந்தப் பற்கள் அரிதாகச் சில பிள்ளைகளுக்கு நுனி ஒடுங்கி, நடுவில் பிறைபோல் ஒரு வெட்டோடு முளைக்கின்றன. விழுந்து உடைந்த பல்லல்ல அது. பிள்ளை பிறந்ததை ஒட்டிய நாட்களில், ஈறுக்குள் இருந்தபோதே ஏற்பட்ட குறை.

1850களின் பிற்பகுதியில் லண்டன் சத்திரசிகிச்சை வைத்தியர் ஜொனதன் ஹட்சின்சன் இதைக் கவனித்தார். கண் மங்கிவந்த பிள்ளைகள் பலரின் வாயில் இதே பற்கள். சிலருக்குக் காதும் கேட்கவில்லை. தாயிடமிருந்து கருவுக்குத் தொற்றிய சிபிலிஸ்தான் காரணம் என்றார். ஊர்வழக்கில் மேகநோய். அதன் கிருமியை 1905இல்தான் ஜேர்மனியில் கண்டுபிடித்தார்கள். அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே பல்லைப் பார்த்து நோயைச் சொன்ன மனிதர் அவர்.

ஏன் இந்தப் பற்கள் மட்டும்? பல்லின் மேலோடான மிளிரியை உருவாக்கும் கலங்கள், வேலை முடிந்ததும் மறைந்துவிடும். பிறகு அதைத் திருத்த ஆளில்லை. நிரந்தரப் பற்களில் முதலாவது கடைவாய்ப்பல்லும் முன்பற்களும் பிறப்பை ஒட்டிய மாதங்களில்தான் மிளிரி பூணத் தொடங்குகின்றன. அந்த நேரத்தில் கிருமி பல்முளையைச் சுற்றி அழற்சியை உண்டாக்கினால் முன்பல்லின் நடுப்பகுதி வளராமல் நின்றுவிடுகிறது. கடைவாய்ப்பல்லின் மேற்புறமோ முசுக்கட்டைப்பழம்போல் சின்னச் சின்ன முண்டுகளாகிறது. அதில் சொத்தை எளிதில் பிடிக்கும். முந்தியே உருவாகத் தொடங்கிய பால்பற்கள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. அதனால்தான் குறை ஏழு வயதுவரை ஒளிந்திருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிள்ளையின் பல்லைப் பார்த்துத் தாயைச் சந்தேகிக்கக் கூடாது. குறைமாதப் பிறப்பு, குழந்தைப்பருவக் கடும் காய்ச்சல், போசாக்கின்மை எல்லாமே மிளிரியைக் கெடுக்கும். இலங்கையின் வரண்ட வலயத்தில் கிணற்றுநீரின் புளோரைட்டால் பல்லில் கறை விழுவது நாமறிந்த கதை. வெட்டு விழுந்த பல் ஒரு சந்தேகம் மட்டுமே. இரத்தப் பரிசோதனைதான் முடிவு.

அந்தப் பரிசோதனை ஆலையடிவேம்பிலோ கல்முனையிலோ புதிதல்ல. கர்ப்பிணி கிளினிக்கில் பதிந்ததும் எடுக்கிற இரத்தத்தில் சிபிலிஸுக்கான 'வி.டி.ஆர்.எல்.' பரிசோதனையும் உண்டு. எதற்கென்று அறியாமலே கையை நீட்டிவிட்டு வருகிறார்கள் நம் தாய்மார் பலர். நோய் இருந்தால் பெனிசிலின் ஊசி. ஆரம்பக்கட்டத் தொற்றென்றால் ஒரு தடவை போதும். பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன்பாவது போட்டிருக்க வேண்டும். நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவையும் காக்கும் மருந்து அது.

வீடுவீடாய் வரும் மிட்வைஃப்மாரின் நடைக்கும் இந்தச் சாதாரண இரத்தக் குப்பிக்கும் கிடைத்த பலன் பெரியது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் தொற்றுவதை ஒழித்த நாடென 2019 டிசம்பரில் இலங்கையை உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது. உயிருடன் பிறக்கும் இலட்சம் குழந்தைகளில் 50 பேருக்கு மேல் இந்நோய் இருக்கக்கூடாதென்பது அதற்கான அளவுகோல்களில் ஒன்று. பணக்கார அமெரிக்காவிலோ 2022இல் மட்டும் 3,700க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறவிச் சிபிலிஸுக்கு ஆளானார்கள். பத்தாண்டுக்கு முன்னிருந்ததைப்போல் பத்து மடங்கு.

ஒரு குறை மட்டும் நம் பக்கத்தில் உண்டு. மனைவிக்கு ஊசி போட்டதும் கணவன்மார் ஒதுங்கிக்கொள்வது. அவருக்குச் சிகிச்சை இல்லையென்றால் அதே கர்ப்பத்தில் மறுபடியும் தொற்றலாம். அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். விபரம் வெளியே போகாது. கர்ப்பம் தெரிந்ததும், 12 வாரத்துக்குள், இருவருமாகக் கிளினிக்குக்குப் போங்கள்.