பிரிந்த பெற்றோரும் பிள்ளைகளின் நலனும்

தீர்த்தமலைச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைப்பு நாடிச் செல்வோர் உளர். மனம் வேறுபட்ட தம்பதியரில் ஒருவர் பிள்ளைகளுடன் அங்ஙனம் வெளியூர் சென்றுவிட்டால், மற்றவர் முறையிட வருவது பஞ்சாயத்தாரிடமே. அவருக்கு நாம் கூறத்தக்கது யாது?

"பிள்ளை தகப்பனுக்கே உரியது" என்று முடிவு கூறுதல் முறையன்று. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர், காப்பாளர் சட்டம் தந்தையை முதலில் குறிப்பிடினும், ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருத்தல் வேண்டும் என்கிறது. குழந்தையின் நலனே தலையாயது என்றும் விதிக்கிறது. தந்தை உயிருடனிருந்தும் குழந்தையைப் பேணாவிடில் தாயே காப்பாளராகலாம் என உச்ச நீதிமன்றம் 1999-இல் கீதா ஹரிஹரன் வழக்கில் தெளிவுபடுத்தியது.

எங்கே மனுச் செய்வது? 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில். சென்ற வாரம் அழைத்துப் போனதனால் மட்டும் அவ்விடம் மாறிவிடாது. ஆனால் ஆண்டுகள் கழிந்து, குழந்தை புதிய ஊரில் வேரூன்றிவிட்டால் நிலைமை வேறு. ஆதலின் காலந்தாழ்த்தலாகாது. ஆள்களைத் திரட்டிச் சென்று குழந்தையைப் பறித்து வருதலும் ஆகாது.

பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம். ஏழைத் தந்தையரும் பெறலாம். தருமபுரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்னும் எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம்.

வழக்கு முடியுமட்டும் குழந்தையின் படிப்பு நிற்றலாகாது. உடனில்லாத பெற்றோரும் அதனைக் கண்டு பேச வழி செய்தல் வேண்டும் என 2020-இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. இவ்விரண்டிற்கும் இரு தரப்பாரையும் இணங்கச் செய்தல் பஞ்சாயத்தாரால் இயலும் நற்பணியாகும்.