கல்லைப் புரட்டினால் தெரியும்

ஆற்றுநீர் தெளிந்திருந்தால் நல்ல நீர் என்று கண் சொல்லிவிடும். வேல்ஸின் மேற்கே, அபரிஸ்ட்வித் நகரருகே கடலில் கலக்கும் ரைடோல், இஸ்ட்வித் ஆறுகளில் அந்தக் கணக்கு பொய்த்தது. மலையில் ஈயமும் துத்தநாகமும் வெட்டிய சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிய பிறகும் மீன் திரும்பவில்லை.

1920-களில் அங்கே ஆற்றுக் கற்களைப் புரட்டிப் பார்த்தவர் கேத்லீன் கார்ப்பெண்டர் என்ற உயிரியலாளர். சில பூச்சி இனங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. நத்தை, அட்டை, நன்னீர் இறால் ஆகியவற்றைக் காணோம். பிறகு, ஈயம் முதலிய உலோக உப்புகள் கரைந்த நீரில் மீன்களை விட்டுச் சோதித்தார். செவுளில் சளி திரண்டு படிய, மீன்கள் மூச்சுத் திணறி மாண்டன.

நஞ்சு கொஞ்சமாக இருந்தாலும் மீன் தப்ப முடியாது. மீன் செவுள் மூச்சுக்கு மட்டுமல்ல. நீரிலிருந்து கால்சியம் இழுக்கும் வாசலும் அதுவே. துத்தநாகமும் ஈயமும் அந்த வாசலை அடைத்துக்கொள்கின்றன. நீரில் கால்சியம் மிகுந்திருந்தால் அது உலோகத்தோடு முட்டிமோதி இடம் பிடிக்கும். வேல்ஸின் மலையாறுகளோ மென்னீர், கால்சியம் குறைவு. கடின நீரில் மீன் தாங்கிக்கொள்ளும் அளவே இங்கே அதைக் கொன்றுவிடும்.

சாக்கடை கலந்தால் பாக்டீரியா அதைத் தின்று செரிக்கும். உலோகம் தனிமம், அதைச் செரிக்க எந்த உயிராலும் ஆகாது. கைவிட்ட சுரங்கத்துள் மழைநீர் இறங்குகிறது. அங்குள்ள பைரைட் என்ற கந்தகக் கனிமம் காற்றோடும் நீரோடும் சேர்ந்து கந்தக அமிலமாகிறது. அமிலம் பாறையிலிருந்து உலோகத்தைக் கரைத்து ஓடைக்கு அனுப்புகிறது. வண்டலில் படிந்ததை அடுத்த வெள்ளம் மீண்டும் கிளப்பிவிடும். வேல்ஸில் இப்படிக் கைவிடப்பட்ட உலோகச் சுரங்கங்கள் சுமார் 1,300. முதலாளி போய்விட்டார், கூலி வாங்கியவரும் போய்விட்டார். கடன் மட்டும் ஆற்றின் பேரில் நிற்கிறது.

ஆனாலும் ஆறு மீளும். ரைடோலில் உயிரினங்கள் பெருகி வருவதை 1938-இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது. பூச்சிக்குச் சிறகு உண்டு. அடுத்த ஓடையிலிருந்து பறந்துவந்து முட்டையிட்டுவிடும். நத்தை ஊர்ந்துதான் வரவேண்டும். வந்தாலும் உலோகம் மிச்சமிருந்தால் பிழைக்காது. அதனால்தான் ஆற்றாய்வாளர்கள் இன்றும் தண்ணீர்க் குப்பியோடு நிற்பதில்லை. குனிந்து கல்லைப் புரட்டுகிறார்கள். அடியில் யார் இருக்கிறார்கள் என்பதோடு, யார் இல்லை என்றும் எழுதிக்கொள்கிறார்கள்.