தாய் தைத்தார், மகள் நிறுவனம் தொடங்கினார்

புல்மோட்டையில் நான் சந்திக்கும் சகோதரிகள் பலர் கடைகளுக்குக் கூலிக்குத் தைக்கிறார்கள். உழைப்பு அவர்களுடையது, பெயர் கடையுடையது. இசைத்துறையிலும் இதே கதைதான். பாடுபவருக்குப் புகழ் கிடைக்கும். ஒலிப்பதிவின் உரிமையோ பெரும்பாலும் வெளியிடும் நிறுவனத்திடம் இருக்கும். அத்துறையில் தனக்கென ஒரு நிறுவனம் தொடங்கிய தமிழ்ப் பெண்ணை இங்கு அறிமுகப்படுத்துகிறேன்.

மாயா அருள்பிரகாசம் 1975 இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக இலங்கைக்கு வந்தவர். போர் காரணமாக 1986 இல் தாய் கலா மூன்று பிள்ளைகளுடன் லண்டனுக்கு அகதியாகச் சென்றார். அங்கு குறைந்த கூலிக்கு, மகாராணி வழங்கும் விருதுப் பதக்கங்களைக் கையால் தைத்துப் பிள்ளைகளை வளர்த்தார்.

மாயா 'எம்.ஐ.ஏ.' என்ற பெயரில் ஹிப் ஹொப் இசைக்கு வந்தார். 2003 இல் அவரது முதல் பாடல் 500 இசைத்தட்டுகளாக மட்டுமே வெளிவந்தது. 2007 இல் வெளியான இரண்டாவது தொகுப்புக்கு 'கலா' என்று தாயின் பெயரையே சூட்டினார். 2009 இல் கிராமி, ஒஸ்கார் விருதுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

இதற்கிடையில், 2008 இல் இன்டர்ஸ்கோப் என்ற பெரிய அமெரிக்க நிறுவனத்துடன் இணைந்து, 'நீட்' என்னும் இசை நிறுவனத்தைத் தொடங்கினார். அது முதலில் ஒப்பந்தம் செய்தது, பால்டிமோர் நகரத்து இளம் பாடகி ராய் ராயை. 2012 இல் அவரது தொகுப்பு வெளிவந்தது. 2019 இல், தாய் தைத்துக்கொடுத்த அதே பதக்கம் மகளுக்கு அறிவிக்கப்பட்டது.

சகோதரிகளே, பெரியவர்களின் துணையை நாடுவது பிழையல்ல. ஆனால் தைக்கும் உடையில் உங்கள் குழுவின் பெயர் இருக்கட்டும். கணக்குப் புத்தகம் உங்கள் கையில் இருக்கட்டும். நீங்கள் காலூன்றிய பின், இன்னொரு பெண்ணுக்கும் அங்கே இடம் கொடுங்கள்.