அழுகைக்கு ஒரு படம், வெகுளிக்கு ஒரு படம்

ஏப்ரல் 14 நெருங்கும்போது நம் சேரிகளில் புதிய பாட்டுகள் பிறக்கின்றன. எழுதுபவர் கல்லூரி மாணவர், பாடுபவர் நூறு நாள் வேலைக்குப் போய்வரும் அக்கா, அடிப்பவர் பறை பழகும் தம்பி. கையில் ஒரு செல்போன் இருந்தால் பாட்டுக்குப் படமும் எடுத்துவிடுகிறோம். மகிழ்ச்சிதான். ஆனால் பல படங்கள் பைக் ஊர்வலத்திலும் நீலக் கொடியிலும் தொடங்கி அதிலேயே முடிகின்றன. பாட்டின் நடுவே ஒரு தாய் அழுகிறாள். திரையில் அப்போதும் பைக்தான் பறக்கிறது. பாட்டு ஒன்று சொல்லப் படம் வேறொன்று காட்டினால், பார்ப்பவர் மனதில் இரண்டும் நிற்பதில்லை.

படம் எடுப்பதற்கு முன் பாட்டின் உணர்ச்சி எந்த வழியில் நடக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு பழைய அளவுகோல் நம் பாடநூலிலேயே இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு உணர்ச்சிகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்று நான்கு நான்காகப் பிரிக்கிறது. பிறர் இகழ்வது, உயிரையோ உடைமையையோ இழப்பது, இருந்த நிலை கெடுவது, வறுமை ஆகிய நான்கும் அழுகைக்குக் காரணம். உறுப்பை அறுப்பது, குடும்பத்தாரைத் துன்புறுத்துவது, அடித்து அலைக்கழிப்பது, கொலை ஆகிய நான்கும் வெகுளிக்குக் காரணம். தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் இந்தப் பட்டியலை நாம் படிக்கும் வன்கொடுமைச் செய்திகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றுகூடப் பழையதாகத் தோன்றாது.

நம் பாட்டில் இருப்பது எந்த அழுகை? சாவின் அழுகை என்றால் ஆளில்லாத கயிற்றுக் கட்டிலைக் காட்டலாம். இகழ்ச்சியின் அழுகை என்றால் இகழப்பட்டவர் முகத்தைவிட, அதைப் பார்த்தும் வாய் திறக்காமல் நிற்பவர்களின் முகங்களைக் காட்டலாம். காரணம் தெரிந்தால் கேமரா எங்கே நிற்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

சுடுகாட்டுக்குப் பாதை கேட்கும் நான்கு நிமிடப் பாட்டு ஒன்று நம்மிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கண்ணை மூடிப் பத்து முறை கேட்போம். ஒரு தாளில் மூன்று பத்தி போட்டு நேரம், உணர்ச்சி, படம் என்று எழுதுவோம். தொடக்கத்தில் தனிக்குரல், படத்தில் ஆளில்லாத வரப்பு மட்டும் போதும். முதல் பல்லவியில் பாடை சுமப்பவர்களின் கால்கள் சேற்றில் புதைகின்றன. முதல் சரணம் இறந்தவரை நினைக்கிறது. அவருடைய கதிர் அரிவாளையும் தூக்குச்சட்டியையும் அவசரமில்லாமல் காட்டலாம். அழுகை வரும் இடத்தில் காட்சியை வெட்டி வெட்டி மாற்றக் கூடாது. பல்லவி திரும்பும்போது சொல் அதேதான், படம் மாற வேண்டும்: கையில் மனுவோடு அலுவலகப் படியில் உட்கார்ந்திருக்கும் பெண்கள். இரண்டாம் சரணத்தில் வெகுளி. பறையின் அடிக்கு ஏற்பக் காட்சிகள் வேகம் எடுக்கலாம். பிறகு இரண்டு நொடி பறை நிற்கட்டும். மூன்றாம் பல்லவியில் தெருவே நடந்து வரட்டும். நீலக் கொடி இங்கேதான் முதன்முதலில் தெரிய வேண்டும். முதல் நொடியிலேயே காட்டிவிட்டால் இந்த இடத்தில் காட்ட நம்மிடம் ஒன்றும் இருக்காது.

2018இல் வந்த 'பரியேறும் பெருமாள்' படத்தின் 'கருப்பி' பாட்டை மீண்டும் பாருங்கள். சந்தோஷ் நாராயணனின் இசையில், கொல்லப்பட்ட ஒரு நாய்க்கு மனிதருக்குச் செய்வதுபோல் சனங்கள் கூடி இறுதிச் சடங்கு செய்கிறார்கள். இயக்குநர் மாரி செல்வராஜ் அந்தத் துக்கத்தை அவசரப்படுத்தவில்லை. அந்தப் பொறுமையால்தான் ஒரு நாயின் சாவு ஒரு தெருவின் இழவாக நமக்குத் தெரிகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கோபத்தை ஏற்றுவதற்காகக் கொலையுண்டவரின் உடலைப் பாட்டின் நடுவே செருகும் பழக்கம் நம்மிடையே பரவுகிறது. வெட்டியவன் அந்த உடலை ஒருமுறை இழிவு செய்தான். தாளத்துக்கு ஏற்ப அதை மீண்டும் மீண்டும் காட்டி நாமும் அதையே செய்ய வேண்டுமா? பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படியும் குற்றம். நம் ஒப்பாரிக்காரர்கள் பிணத்தின் காயத்தை வருணிப்பதைவிட, இறந்தவர் வாழ்ந்த வாழ்வையே அதிகம் பாடுகிறார்கள். அவர் நட்ட மரம், கட்டிய வீடு, வளர்த்த பிள்ளை எல்லாம் பாட்டில் வரும். அதைக் கேட்டுத்தான் தெரு அழுகிறது. நம் கேமராவும் அவர்களிடம் பாடம் கேட்கலாம்.

மெய்ப்பாட்டியலில் பெருமிதத்துக்கும் நான்கு காரணம் உண்டு: கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை. முதலில் நிற்பது கல்வி. நம் பாட்டின் உச்சியில் பைக்குக்குப் பதிலாக, தெருவிளக்கின் அடியில் படிக்கும் ஒரு சிறுமியை வைத்துப் பார்க்கலாம்.

படம் முடிந்ததும் யூடியூபில் ஏற்ற அவசரப்பட வேண்டாம். யாருடைய துக்கத்தைப் பாடினோமோ அந்த வீட்டுக்குப் போய், முதலில் அவர்களுக்குப் போட்டுக் காட்டுவோம். அவர்கள் வேண்டாம் என்று சொல்லும் காட்சியை, அது எவ்வளவு அழகாக வந்திருந்தாலும், எடுத்துவிடுவோம்.