தட்டம்மைப் பரவலும் தடுப்பூசியும்: திருவள்ளூர் மாவட்டம்

தட்டம்மை ஒரு வைரஸ் நோய். மணல்வாரி அம்மை என்றும் இதற்குப் பெயர் உண்டு. நோயுற்ற குழந்தை இருமும்போதும் தும்மும்போதும் வெளியேறும் வைரஸ், மூடிய அறையின் காற்றில் இரண்டு மணி நேரம் வரை தங்கியிருக்கும். உடலில் தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாட்கள் முன்பே தொற்று தொடங்கிவிடுவதால், நோய் இன்னதென்று தெரிவதற்குள் அது அடுத்த வீட்டுக்குப் போயிருக்கும். எதிர்ப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குத் தொற்றைத் தரக்கூடும். நிமோனியா, வயிற்றுப்போக்கு, மூளை அழற்சி, பார்வை இழப்பு ஆகியவை இதன் பின்விளைவுகள்.

தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள்கள் குழந்தையின் உடலில் சில மாதங்கள் இருக்கும். அவை தடுப்பூசியில் உள்ள வலுக்குறைந்த வைரசையும் அழித்துவிடும். எனவேதான் இந்தியாவில் முதல் தவணை 9 மாதம் முடிந்த பிறகு போடப்படுகிறது. அந்த வயதில் போட்டால் ஏறத்தாழ 85 விழுக்காட்டுக் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு கிடைக்கும். 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் இரண்டாம் தவணை, முதல் முறை பலன் பெறாதவர்களுக்கு மறுவாய்ப்பாகிறது. இரண்டும் போட்டால் பாதுகாப்பு 97 விழுக்காட்டை எட்டும்.

"ஊசி போட்ட பிள்ளைக்கும் அம்மை வந்ததே, பிறகு ஊசி எதற்கு?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஒரு தெருவில் 100 குழந்தைகள், அவர்களில் 95 பேர் ஒரு தவணை போட்டவர்கள், 5 பேர் போடாதவர்கள் என்று கொள்வோம். போட்டவர்களில் 15 விழுக்காடு, அதாவது சுமார் 14 பேர், பாதுகாப்பின்றி இருப்பர். நோய் எல்லோரையும் தொட்டால் 14 + 5 = 19 பேர் படுப்பர். நோயாளிகளில் பெரும்பாலோர் ஊசி போட்டவர்களே! ஆனால் போட்ட 95 பேரில் 81 பேர் தப்பினர். போடாத ஐவரில் ஒருவரும் தப்பவில்லை. அந்த 95 பேரும் இரண்டு தவணை போட்டிருந்தால் 14 என்பது 3 ஆகியிருக்கும்.

இது வெறும் கணக்கன்று. 2004 டிசம்பர் சுனாமியை ஒட்டிக் கடலூர் மாவட்டத்தில் தட்டம்மை பரவியது. ஒரு தவணை போட்ட குழந்தைகள் அப்போது தமிழகத்தில் 95 விழுக்காட்டுக்கும் மேல். அப்படியிருந்தும் நோய் பரவ இடம் இருந்தது. அரசு அட்டவணையில் இரண்டாம் தவணை 2010-க்குப் பிறகே வந்தது.

திருவள்ளூர் மாவட்டத்துக்கு இதில் ஒரு துயர நினைவு உண்டு. 2008 ஏப்ரல் 23 அன்று தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட பின் இம்மாவட்டத்தில் நான்கு கைக்குழந்தைகள் இறந்தன. அதன்பின் தமிழக அரசு கிராமங்களில் ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மட்டும் போட ஏற்பாடு செய்தது. குழந்தைகளின் பாதுகாப்புக்காகச் செய்ததுதான். ஆனால் கூலி வேலையை விட்டுவிட்டுப் பேருந்து ஏறி நிலையத்துக்குப் போவது எல்லாத் தாய்மார்க்கும் இயலவில்லை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் அடிப்படைத் தடுப்பூசிகள் அனைத்தும் போட்ட குழந்தைகள் 2005-06இல் 80.9 விழுக்காடு, 2015-16இல் 69.7. இச்சரிவின் காரணங்களில் ஒன்றாக அந்த மாற்றத்தையும் ஆய்வாளர்கள் குறிப்பிடுகின்றனர். பின்னர் கிராம முகாம்கள் மீண்டும் நடைபெற்றன. 2019-21 கணக்கெடுப்பில் விழுக்காடு 89.2 ஆக உயர்ந்தது. இடையில் 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது, வதந்திகளால் பல பெற்றோர் தயங்கியதும் உண்டு.

இன்று இம்மாவட்டத்தில் கவனிக்க வேண்டிய இடங்கள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள வாடகை அறைகளும், செங்கல் சூளைகளுமே. ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களிலிருந்து வரும் குடும்பங்கள் சில மாதங்கள் தங்கிவிட்டு ஊர் திரும்புகின்றன. முதல் தவணை அங்கே, இரண்டாம் தவணை இங்கே என்று வரும்போது, இரண்டாவது விடுபட்டுப்போவது எளிது. சிறு அறையில் ஆறேழு பேர் படுத்துறங்கும் இடத்தில் தட்டம்மை நுழைந்தால், ஊசி வயது வராத ஆறு மாதக் குழந்தைக்குச் சுற்றியுள்ளவர்களின் எதிர்ப்பாற்றல் மட்டுமே காப்பு.

நோய் பரவத் தொடங்கிய பின்னும் தடுப்பூசிக்கு வேலை உண்டு. நோயாளியுடன் பழகிய 72 மணி நேரத்துக்குள் போட்டால் நோய் வராமல் தடுக்கவோ கடுமையைக் குறைக்கவோ முடியும். 2022இல் மும்பையில் தட்டம்மை பரவியபோது, பாதிக்கப்பட்ட பகுதிகளில் 9 மாதம் முதல் 5 வயது வரையுள்ளோருக்குக் கூடுதல் தவணை ஒன்று போட மத்திய அரசு அறிவுறுத்தியது. நோயுற்ற குழந்தைக்கு மருத்துவர் வைட்டமின் ஏ கொடுப்பார். இது கண்ணையும் உயிரையும் காக்க உதவும்.

தடுப்பூசி அட்டை தொலைந்த குழந்தை என்றால், கிராம சுகாதாரச் செவிலியரிடமோ அங்கன்வாடியிலோ சொன்னால் போதும். முன்பே போட்டிருந்தாலும் இன்னொரு முறை போடுவதால் தீங்கில்லை. விடுபட்ட தவணையை ஐந்து வயது வரை அரசு மையங்களில் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம்.